பிள்ளைகளை அளந்தது போதும். வகுப்பறையை அளந்து பாருங்கள்

போன டிசம்பரில் ஒரு மாலை. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் நடத்தும் இரவுப் படிப்பகத்துக்கு எம்.எட். படிக்கும் தங்கை ஒருவர் வந்தார். நம் சேரிப் பெண்தான். வீட்டில் முதல் பட்டதாரி. கையில் ஒரு கட்டுக் கேள்வித்தாள். ஆய்வேட்டுக்காக எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடம் விவரம் சேகரிக்க வேண்டுமாம். "ஸ்கூல்ல பர்மிஷன் கேட்டு அலைஞ்சு ஓய்ஞ்சுட்டேன் தோழர், அரை மணி நேரம் போதும், நீங்கதான் உதவணும்" என்றார். உட்காரச் சொன்னோம்.

நான்கு பக்கத் தாள். இரண்டாம் பக்கத்திலிருந்து நாற்பது வாக்கியங்கள். என்னால் நன்றாகப் படிக்க முடியும், வகுப்பில் பேச எனக்குத் தயக்கம் இல்லை என்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, ஆணா பெண்ணா, அப்பா படிப்பு, அப்பா வேலை, மாத வருமானம். கடைசியாகச் சமூகம்: ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.

பையன் ஒருவன் கை தூக்கினான். "அக்கா, எஸ்.சி.ன்னு டிக் அடிச்சா மார்க்கு குறைப்பாங்களா?"

"இது பரீட்சை இல்லப்பா, இதுக்கு மார்க்கே கிடையாது" என்றார் அவர். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பெண் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு டிக் அடித்தாள். அந்த அறையில் இருந்த முப்பத்தைந்து பேரும் ஒரே சமூகம். யாரிடம் மறைக்கிறாள்? ஆனாலும் மறைத்தாள்.

மே மாதம் அவர் பைண்டு செய்த ஆய்வேட்டோடும் ஒரு டப்பா லட்டோடும் வந்தார். எங்களுக்குச் சந்தோஷம்தான். கடைசி அத்தியாயத்தைப் புரட்டினோம். எஸ்.சி. மாணவர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் தன்கருத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது, கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. அதற்குக் கீழே பரிந்துரை: தன்கருத்து குறைவாக உள்ள எஸ்.சி. மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்க வேண்டும். அவ்வளவுதான். இதை எழுதியவர் நம் பெண். நாங்கள் படித்து முடிக்கும்வரை அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் முதலில் எடுத்துக்கொண்டு போன தலைப்பே வேறு. வகுப்பில் ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்கிறார், யாரைக் கேட்பதில்லை, அதில் சாதிக்கு ஏதாவது பங்கு உண்டா என்று பார்க்க விரும்பினார். வழிகாட்டி ஆசிரியர் சொன்ன பதில்: "அதெல்லாம் சென்சிட்டிவ். எந்த ஸ்கூலும் உள்ளே விடாது. உனக்கு டிகிரி வேணுமா வேணாமா?" அவருக்கு டிகிரி வேண்டும். நமக்கும் அவர் டிகிரி வாங்க வேண்டும். அதனால் ஆசிரியரைப் பற்றிய கேள்வி, பிள்ளையைப் பற்றிய கேள்வியாக மாறிப்போனது.

தமிழ்நாட்டில் கல்வி உளவியல் படிப்பும் ஆய்வும் சிக்கிக்கொண்டிருக்கும் இடம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். குறை எப்போதும் பிள்ளைக்குள்ளே தேடப்படுகிறது. வகுப்பறையும் ஆசிரியரும் தெருவும் 'பின்னணி' ஆகிவிடுகின்றன. சாதி என்பது முதல் பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டம் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நாயும் பூனையும் எலியும்

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் டெட் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் பலகைகள் தெரியும். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணுக்கு 30 மதிப்பெண் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் உரியது. அங்கே படிக்கும் எந்தத் தம்பியை, தங்கையை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: பாவ்லவ் நாயை வைத்துச் சோதனை செய்தார், தார்ண்டைக் பூனையை வைத்து, ஸ்கின்னர் எலியை வைத்து, கோலர் குரங்கை வைத்து. பியாஜேயின் நான்கு நிலைகள், கோல்பர்க்கின் ஆறு நிலைகள், எரிக்சனின் எட்டு நிலைகள். எல்லாம் மனப்பாடம். நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, எலி இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட நம் பிள்ளை மட்டும் இல்லை.

இல்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு சமகால இந்தியாவும் கல்வியும் என்று தனியாக ஒரு தாள் வந்தது. பாலினம், உள்ளடக்கிய பள்ளி பற்றியும் தாள்கள் வந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 15, 17, 46 ஆகிய பிரிவுகளைப் படிக்கிறார்கள். இடஒதுக்கீடு படிக்கிறார்கள். சில இடங்களில் அம்பேத்கரும் வருகிறார். ஆனால் அது ஒரு தாள், உளவியல் இன்னொரு தாள். ஒன்றில் தீண்டாமை 1950-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. மற்றொன்றில் 'மெல்லக் கற்போர்', 'முதல் தலைமுறை கற்போர்', 'பின்தங்கிய குழந்தை' என்று பட்டியல் வருகிறது. இந்தப் பட்டியலில் இருக்கும் குழந்தையும் அந்தச் சட்டப் பிரிவில் இருக்கும் குழந்தையும் ஒரே குழந்தைதான் என்று எந்தத் தாளும் சொல்லித் தருவதில்லை.

சமூகவியலில் முதுகலை படித்த எங்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நாங்கள் படித்த வகுப்பிலும் சாதி ஊரில் இருந்தது, நூலில் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையில் அது இருந்ததாக யாரும் பேசியதில்லை.

பரங்கிமலையில் பிறந்தவர், கோழியாளத்திலிருந்து போனவர்

தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறுங்கள். பல்லாவரம் தாண்டினால் பரங்கிமலை. 1883-ல் எம்.சி. ராஜா பிறந்த ஊர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். 1922-ல் சென்னை சட்டமன்றத்தில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தவர். ஒரு படிவத்தில் எந்தச் சொல்லால் நம்மை எழுதுகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை என்று அந்தப் பள்ளி ஆசிரியருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்னும் இரண்டு நிலையம் போனால் சைதாப்பேட்டை. 1856-ல் சென்னையில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வழிவந்த கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து அடையாறு பக்கம் திரும்பினால், 1894-ல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு என்றே முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கிய இடம். ஆசிரியர் கல்விக்கும் நம் மக்களின் கல்விக்கும் தென்சென்னை பழைய ஊர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன, சந்தித்துக்கொள்ளவில்லை.

தாம்பரத்திலிருந்து எதிர்த்திசையில் செங்கல்பட்டு தாண்டிப் போனால் மதுராந்தகம். அதன் பக்கத்தில் கோழியாளம், இரட்டைமலை சீனிவாசனின் ஊர். 1939-ல் வெளியான தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். தன் சாதியும் ஊரும் குடும்பமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்ற பயத்தில், வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் உள்ளே போவார். மற்ற மாணவர்களோடு விளையாடக்கூட முடியவில்லை.

இதைவிடச் சிறந்த கல்வி உளவியல் ஆவணம் தமிழில் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாணவனின் 'பொருத்தப்பாடு', 'தன்கருத்து', 'பதற்றம்' எல்லாம் அதில் இருக்கின்றன. காரணமும் அதிலேயே இருக்கிறது. எந்த பி.எட். தாளிலாவது அது பாடமாக இருக்கிறதா? நாங்கள் பார்த்த எதிலும் இல்லை. இருந்திருந்தால் எங்கள் படிப்பகத்தில் தாளைக் கையால் மறைத்த பெண் யாரிடமிருந்து மறைத்தாள் என்று அந்தத் தங்கைக்குப் புரிந்திருக்கும்.

ஒரே அளவு, வேறு முடிவு

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று சொல்பவர்களுக்கு ஆய்வுகளைக் காட்டலாம்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் சோதனை நடத்தினார்கள். வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது மேல்சாதிப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை. பெயரையும் சாதியையும் எல்லோர் முன்பும் வாசித்துவிட்டு அதே புதிர்களைக் கொடுத்தபோது 23 சதவீத இடைவெளி விழுந்தது. உலக வங்கியின் 2015 வளர்ச்சி அறிக்கையிலேயே இது இருக்கிறது. அதே மூளை, அதே புதிர், அதே கால் மணி நேரம். மாறியது ஒன்றே ஒன்று: சாதி அந்த அறையில் உரக்கச் சொல்லப்பட்டது.

எங்கள் பையன் கேட்ட கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். எஸ்.சி.ன்னு டிக் அடித்தால் மார்க் குறையுமா? குறையும் தம்பி. யாரும் குறைக்க வேண்டியதில்லை, அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் நீயே குறைந்துவிடுவாய் என்கிறது அந்த ஆய்வு. தன்கருத்தை அளக்க வந்த தாளே முதல் பக்கத்தில் அதைக் கீழே தள்ளிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் அளக்கத் தொடங்குகிறது. அறிவியல் முறைப்படியே அது தப்பான தாள்.

இன்னொரு ஆய்வு நமக்குக் கசப்பானது. 2012-ல் வெளியானது, ஹன்னா, லிண்டன் என்ற இருவர் செய்தது. மாணவர் விடைத்தாள்களின் மேல் சாதியை மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதிய தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. குறைவு பெரிதில்லை, சிறிதுதான். ஆனால் குறைத்துப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், முக்கியமாக ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. நம் ஆள் ஆசிரியராக வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நாமும் இதைப் படிக்க வேண்டும். நம் பிள்ளையைப் பற்றிச் சமூகம் சொல்லிக்கொடுத்த கணக்கு நம் தலைக்குள்ளும் ஓடுகிறது. அந்தத் தங்கையின் பரிந்துரைக்குள் ஓடியதும் அதே கணக்குதான்.

இப்போது கடல் தாண்டிப் பார்ப்போம். அம்பேத்கர் 1913-லிருந்து 1916 வரை கொலம்பியாவில் படித்தார், ஜான் டூயியிடம் பாடம் கேட்டார் என்பது நமக்குத் தெரியும். அதே கொலம்பியாவில் பின்னாளில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத் தம்பதி கென்னத் கிளார்க், மேமி கிளார்க். மேமி தன் முதுகலை ஆய்வில் தொடங்கிய கேள்வியை இருவரும் சேர்ந்து வளர்த்தார்கள். நிறம் தவிர எல்லா வகையிலும் ஒன்று போலிருக்கும் பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள்.

நம் தங்கையின் ஆய்வு முடிவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்களைக் குறைவாக நினைக்கிறார்கள். ஆனால் அடுத்த வரியில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கிளார்க் தம்பதி இந்தக் குழந்தைகளுக்குக் கவுன்சலிங் கொடுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. பிரித்துவைத்த பள்ளியை நோக்கி விரலை நீட்டினார்கள். 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது அவர்களுடைய ஆய்வும் அதில் சுட்டப்பட்டது. ஒரு முதுகலை மாணவியின் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நம் எம்.எட். ஆய்வேடுகள் நூலக அலமாரி வரை போகின்றன.

அதே 1954-ல் இங்கேயும் ஒன்று நடந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த திட்டம், காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தையும் செய்து கற்றல், வாழ்க்கையோடு இணைந்த கல்வி என்ற அழகான கல்வியியல் சொற்களால்தான் நியாயப்படுத்தினார்கள். பெரியாரும் மக்களும் அதைக் குலக்கல்வி என்று சரியான பெயரால் அழைத்தார்கள். கல்விக் கோட்பாடு என்று வருவதை எல்லாம் நாம் ஏன் உரசிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

காரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணகி நகர்

தமிழ்நாட்டின் பி.எட்., எம்.எட். கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கியது. பழைய மாமல்லபுரம் சாலையில் காரப்பாக்கத்தில் இருக்கிறது. அதன் அருகிலேயே கண்ணகி நகர். அதே சாலையில் தெற்கே போனால் செம்மஞ்சேரி, உள்ளே திரும்பினால் பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் நகரத்தின் நடுவிலும் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்து நட்ட மக்கள். பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள்.

பள்ளி ஆண்டின் நடுவில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடியற்காலையில் பஸ் ஏறி நகரத்துக்குள் போய்வந்து, ஒரு கட்டத்தில் முடியாமல் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கண்ணகி நகர் என்று எழுதாமல் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதும் இளைஞர்களை எங்களுக்கே தெரியும். கோயம்புத்தூரில் தன் ஊரை மறைத்த சீனிவாசனுக்கும் இவர்களுக்கும் நடுவில் நூற்றைம்பது ஆண்டு ஓடியிருக்கிறது. மறைக்கும் காரணம் மாறவில்லை.

வீடு இடிக்கப்பட்ட குழந்தையின் கவனம் வகுப்பில் எப்படி இருக்கும்? முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் ஆசிரியரிடம் ஒரு குழந்தை எப்படிக் கற்கும்? கல்வி உளவியலும் கல்வியின் சமூக அடித்தளங்களும் சேர்ந்து உட்கார்ந்து பதில் தேட வேண்டிய கேள்விகள் இவை. வெளிநாட்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டியதில்லை, நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த அடுக்குமாடிகளுக்கு வரும் கேள்வித்தாள்களில் நாங்கள் பார்த்தவை பெரும்பாலும் தேர்வுப் பயம், படிப்புப் பழக்கம், அடைவு ஊக்கம், கைபேசி அடிமைத்தனம். பிள்ளைக்கு என்ன குறை, பிள்ளைக்கு என்ன குறை, மறுபடியும் பிள்ளைக்கு என்ன குறை.

வருகிறவர்கள் திரும்பி வருவதும் இல்லை. கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு போனவர்களில் முடிவு என்ன என்று வந்து சொன்னவர் எங்களுக்குத் தெரிந்து அந்தத் தங்கை ஒருவர்தான். லட்டு கொண்டுவந்தவரும் அவர் மட்டும்தான்.

அப்படியானால் சாதியைக் கேட்கவே கூடாதா?

இதை எழுதப் போகிறோம் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதைத்தான நாங்களும் சொல்றோம்? ஃபார்ம்ல சாதியே கேக்கக் கூடாது, அப்பதான் சாதி ஒழியும்." இல்லை ஐயா, நாங்கள் சொல்வது அது இல்லை.

எண்ணாவிட்டால் நாம் இல்லாமல் போய்விடுவோம். எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை பேர் பேராசிரியர் ஆனார்கள் என்று சாதிவாரியாகக் கணக்கு வேண்டும். 1928-ல் சைமன் குழுவிடம் அம்பேத்கர் ஒடுக்கப்பட்டோரின் கல்வி நிலையைப் பற்றி மனு கொடுத்தபோது எண்களை வைத்துத்தான் வாதாடினார். ஓ.சி. பிள்ளைக்குச் சாதியை மறந்துவிட்டு வாழ வசதி இருக்கிறது. நமக்கு இல்லை.

எனவே கேட்கலாம். யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பதுதான் கேள்வி. எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு என்று வகுப்பு நடுவில் கேட்பதும் கேட்பதுதான். தலைமை ஆசிரியர் அறையில் பெற்றோரிடம் தனியாகக் கேட்பதும் கேட்பதுதான். முதலாவது அந்தப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாயைக் கொடுத்து வேறொன்றைப் பறித்துக்கொள்கிறது.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. நன்றாகப் படிக்கும் பையன். அடுத்த ஆண்டு அதே பையன் பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தான். வெட்டிய பிள்ளைகளின் 'தன்கருத்து' எவ்வளவு என்று யாராவது அளந்தார்களா? தன் சாதி உயர்ந்தது என்று பதினேழு வயதில் அரிவாளைத் தூக்க வைத்த கல்வி எங்கே கிடைத்தது என்று எந்த ஆய்வேடு கேட்டது? குறைந்த தன்மதிப்பை நோய் என்று எழுதுகிறவர்கள் சாதித் திமிரை நோய் என்று ஏன் எழுதுவதில்லை?

அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் சொல்லாமல் தனியாகத் தெரிவிக்க வேண்டும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைச் சமூக நீதி நோக்கில் திருத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. கையில் கட்டும் கயிற்றைப் பற்றி மட்டும் ஊரே பேசியது. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கயிற்றை வாசலில் அவிழ்த்துவிடலாம். ஆசிரியர் தலைக்குள் இருப்பதை அவிழ்க்கப் பாடத்திட்டம்தான் வேண்டும்.

இதற்கிடையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025-ல் வெளியிட்ட வரைவு விதிகளில் ஓராண்டு பி.எட். மறுபடி வருகிறது. இரண்டாண்டில் சொல்லாததை ஓராண்டில் சொல்வார்களா? சுருக்கும்போது முதலில் வெட்டு விழுவது சமூக அடித்தளம் பற்றிய தாள்களுக்குத்தான் என்பது எங்கள் பயம்.

ஒரு வாரக் குறிப்பேடு

குறை சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது என்று நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். ஜூலையில் எங்கள் படிப்பகத்தின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒரு குயர் நோட்டு கொடுத்தோம். ஒரு வாரம், வகுப்பில் உன் பெயரை ஆசிரியர் எத்தனை முறை கூப்பிட்டார், எதற்குக் கூப்பிட்டார் என்று மட்டும் எழுது. உன்னைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

டிசம்பரில் கட்டத்தைக் காலியாக விட்ட அதே பையன் எழுதிக்கொண்டு வந்தது இது: "இந்த வாரம் என்னை நாலு தடவை கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை தண்ணி கேன் தூக்க. ஒரு தடவை ஸ்காலர்ஷிப் ஃபார்ம். ஒரு தடவை பேசுனதுக்கு. பாடத்துல கேள்வி கேக்கல."

பத்து நோட்டும் இப்படியே இருந்தன என்று சொல்லமாட்டோம். அறிவியல் ஆசிரியை ஒருவரைப் பற்றி நான்கு பிள்ளைகள் ஆசையாக எழுதியிருந்தார்கள்; தினமும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கிறாராம், தப்பாகச் சொன்னாலும் உட்காரச் சொல்வதில்லையாம், சரியாக வரும்வரை கூடவே நிற்கிறாராம். ஒரே பள்ளி, ஒரே பிள்ளைகள். அந்த வகுப்பில் இருக்கும்போது அவர்களின் தன்கருத்து எவ்வளவு இருக்கும்? மாறுவது பிள்ளை இல்லை. ஆசிரியர் மாறும்போது பிள்ளையும் மாறித் தெரிகிறது. இது பெரிய ஆய்வு இல்லை, பத்துக் குயர் நோட்டு. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, பள்ளிப் பிள்ளைகளிடம் போகும் எந்த ஆய்வுக் கேள்வித்தாளிலும் சமூகம் முதல் பக்கத்தில் இருக்கக் கூடாது. தேவை என்றால் கடைசியில், அல்லது பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். இது செலவில்லாத வேலை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இரண்டு, ஆசிரியரின் நடத்தையையும் வகுப்பறையையும் ஆராய விரும்பும் எம்.எட்., முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை அனுமதி தர வேண்டும். சென்சிட்டிவ் என்று மூடி வைப்பதால்தான் அது அரிவாளாக வெளியே வருகிறது.

மூன்று, பி.எட். மாணவர்கள் வாரக்கணக்கில் பள்ளிகளில் பயிற்சிக்குப் போகிறார்கள். பாடக்குறிப்பு எழுதுவதோடு, யார் எங்கே உட்காருகிறார்கள், யாரிடம் கேள்வி போகிறது, யார் கையில் துடைப்பம் போகிறது என்று குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

நான்கு, சந்துரு குழுவின் ஆசிரியர் கல்விப் பரிந்துரைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து, எங்கள் பகுதிக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் முடிவை எங்களிடம் வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில். எங்கள் படிப்பகத்தில் இனி அந்த உறுதி கொடுக்காமல் ஒரு தாளும் உள்ளே வராது.

கடைசியாக நம் தம்பி தங்கைகளுக்கு. டெட் தேர்ச்சியோடு நின்றுவிடாதீர்கள். கல்வியியலிலும் உளவியலிலும் ஆய்வுக்குப் போங்கள். நம்மை அளக்கும் அளவுகோலை வேறு யாரோ செய்துகொண்டிருக்கும்வரை நாம் எப்போதும் ஒரு அங்குலம் குறைவாகத்தான் இருப்போம்.

அந்தத் தங்கைக்கு இந்தப் பத்து நோட்டுகளையும் காட்டினோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். பரிந்துரை பக்கத்தைத் திருப்பி எழுத முடியாது, பட்டம் வந்துவிட்டது என்றார். பரவாயில்லை, அடுத்ததை எழுதலாம் என்றோம். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறார். தலைப்பு பழைய தலைப்புதான்: வகுப்பில் யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள். வழிகாட்டி கிடைத்தால் அவருடைய வேலை தொடங்கும். கிடைக்காவிட்டால் அதையும் இங்கேயே எழுதுவோம்.

ஜெய் பீம்.